ஏழாம் பக்கம்

வில்மரின் பூட்டுக்கடை
மொந்தேவிதேயோவில் இருந்தது.
தேடுபொறியில் ஏழாம் பக்கத்தில் இருந்தது.
அதாவது, இல்லை.

'இருபதாண்டு அனுபவம், நியாயமான விலை'
என்று எழுதிவைத்திருந்தான்.
அப்படி யார் தேடுகிறார்கள்?
ஜூலைக் குளிரில் வாசலில் நிற்பவர்கள்
விறைத்த விரலால் தட்டுவது வேறு:
'சாவி உடஞ்சு உள்ள மாட்டிகிச்சு'
'கதவு சாத்திகிச்சு கொழந்த உள்ள'

பிழைகளைத் திருத்தாமல்
அப்படியே தலைப்பாக்கினான்.
மூன்றாம் பக்கம். பிறகு இரண்டு.

ஆகஸ்டில், வந்துசேர்ந்த சொற்களின் பட்டியலில்
ஒரே ஒருமுறை தேடப்பட்ட வரி:
'அவன் வர்றதுக்குள்ள பூட்ட மாத்துறது எப்டி'

கடையைச் சாத்திவிட்டு
அதற்கொரு பக்கம் எழுதினான்.
ஐந்து படங்கள். ஒரு திருப்புளி போதும்.
விலை போடவில்லை.
அடியில், சின்னதாக, போன் நம்பர்.

இப்போது முதலில் வருவது அதுதான்.
தினமும் யாரோ திறக்கிறார்கள்.
ஒருவரும் கூப்பிட்டதில்லை.