ஒரு காற்புள்ளி

டிரோம்சோவில் நவம்பர்.
மதியம் இரண்டுக்கே இருட்டு.
தூருன் டீச்சர்
புவியியல் கட்டுரைகள் திருத்துகிறாள்.
காதுமடலுக்குப் பின்னே இன்னும் போகாத நீலச்சாயம்;
சனிக்கிழமை அவள் கப்பல்தலைவி.
யாராவது கேட்டால்
சமையலறைக்குப் பெயிண்ட் அடித்தேன் என்பாள்.

பதினேழாவது தாள், ஐவிண்ட்:
'பனியாற்றுக்கு அவசரமில்லை
மலையைத் தின்ன அதற்கு வயதிருக்கிறது'

பேனா நின்றது.
அது அவள் வரி.
வேறு பெயரில், நள்ளிரவு தாண்டி,
தொடரில் செத்துப்போன மாலுமியைப்
பிழைக்கவைத்து எழுதிய கதை,
பதினோராம் அத்தியாயம்.

'எங்கிருந்து எடுத்தாய்?' என்று எழுதலாம்.
சொல்லிவிடுவானே.
'அருமை' என்று எழுதலாம்.
கூச்சமாக இருந்தது.

கடைசியில் சிவப்புப் பேனாவால்
அவசரமில்லைக்குப் பின் ஒரு காற்புள்ளி வைத்தாள்.
அவளே விட்ட பிழை.

இரவு, கதையைத் திறந்து
அங்கேயும் வைக்கப் போனாள்.
ஐவிண்ட் மறுபடி படிப்பானோ என்று
விரலை இழுத்துக்கொண்டாள்.