இரண்டாம் பாகத்தில் என் மாதுளை வண்டி

முதல் பாகத்தில் எங்கள் திபிலிசிக்கு
இஸ்தான்புல் என்று பெயர்.
சொலொலாகி இறக்கத்தில் ஒரே இரவில்
துருக்கிப் பலகைகள் முளைத்தன.
உளவாளி தப்பி ஓடுவதற்காக
என் மாதுளை வண்டியை
ஒன்பது முறை கவிழ்த்தார்கள்.
நான்காம் முறைக்குள் பழமெல்லாம் பிளந்துபோக
சிவப்பு ரப்பர்ப் பந்துகள் வந்தன.
பழத்தைவிடப் பந்து நன்றாக உருண்டது,
ஒத்துக்கொள்கிறேன்.
வண்டிக்கும் வயிற்றெரிச்சலுக்கும் சேர்த்து
ஒரு மாத வாடகை கொடுத்தார்கள்.
திரையில் நான் ஒன்றரை நொடி:
தலையில் கை வைத்துக் கத்துகிறேன்,
எனக்குத் தெரியாத பாஷையில்,
வேறு யாரோ குரலில்.

நான்கு வருடம் காத்திருந்தோம்.
முன்னோட்டம் வந்த அன்று
டாக்சி ஸாஸா அதைக் கைபேசியில்
நிறுத்தி நிறுத்திப் பார்த்தான்,
பல்வலிக்காரன் நாக்கு
அந்தப் பல்லுக்கே போவதுபோல.
"இந்தச் சந்தில் வலப்பக்கம் திரும்பினால்
கந்தகக் குளியல் தொட்டிக்குள்தான் விழுவான்.
விமான நிலையம் எங்கே வந்தது?"
ஆனாலும் முதல் நாள் சீட்டுக்கு
முதலில் காசு நீட்டியவன் அவன்தான்.
ரொட்டிக்கடை மனானா முடிக்குச் சாயம் போட்டாள்,
அவள் கடைச் சன்னல் படத்தில் வருகிறதாம்.

மூலை வீட்டு எத்தேரியையும் கூப்பிட்டோம்.
எழுபத்து மூன்று வயது.
பழைய ஆட்சியில் பதினோரு வருடம்
காதில் ஹெட்போன் மாட்டி உட்கார்ந்திருந்தவள்.
எல்லோருக்கும் தெரியும்,
யாரும் அதைப் பேசமாட்டோம்.
"உங்கள் துறைப் படம்" என்று ஸாஸா உளறிவிட்டான்.
அவள் பை நிறையச் சூரியகாந்தி விதை
அள்ளிக்கொண்டு கிளம்பினாள்.

படம் தொடங்கியது.
தொடங்கியதுமே வெடித்தது.
நாயகன் கூரைவிட்டுக் கூரை தாவினான்,
சட்டைப் பொத்தான்கூட அவிழவில்லை.
முதல் பாகத்தில் விழுந்தால் அவனுக்கு வலித்தது.
ஒரு படிக்கட்டில் உட்கார்ந்து
விலாவைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குவான்.
அதற்காகவே இரண்டு முறை போனேன்.
இப்போது வலியெல்லாம் கார்களுக்கு.
வில்லன் பேசினான், பேசினான்,
வெடிகுண்டே பொறுமை இழந்தது.

இம்முறை எங்கள் ஊருக்கு எங்கள் ஊரின் பெயரே.
அரங்கம் கைதட்டியது.
மனானாவின் சன்னல் உடைந்தபோது
என் தொடையைக் கிள்ளினாள்.
என் வண்டியும் வந்தது,
முழுசாக.
யாரும் மோதவில்லை.
துரத்தல் அதைச் சுற்றிக்கொண்டு போனது.
சொன்னால் சிரிப்பீர்கள்,
எனக்கு அழுகை வந்தது.

துப்பாக்கிச் சத்தம் நெடுக எத்தேரி தூங்கினாள்.
ஓர் இடத்தில் மட்டும் விழித்தாள்.
நிறுத்திய காருக்குள் யாரோ ஒரு துணை நடிகன்,
எவருக்கோ காத்திருந்து காத்திருந்து
கண்ணாடியில் படிந்த தன் மூச்சை
சட்டைக் கையால் துடைக்கிறான்.
மூன்று நொடி.
"இது சரி" என்றாள்.

பெயர்கள் ஓடத் தொடங்கியதும்
கூட்டம் எழுந்தது.
அவள் எழவில்லை.
கடைசிப் பெயர்வரை உதடசைத்துப் படித்தாள்.
பட்டியலைப் பாதியில் விட்டுப் பழக்கமில்லையாம்.

வெளியே ஈரக்காற்று.
பத்துக்கு நாலு என்றான் ஸாஸா.
எட்டு என்றாள் மனானா.
சன்னலுக்கே ஐந்து போட்டுவிட்டாளே என்று
வாக்குவாதம் செய்தபடி
இருவரும் பாலத்தில் முன்னே போய்விட்டார்கள்.
எத்தேரி என் முழங்கையைப் பிடித்து நடந்தாள்.

"எங்களுக்குப் பின்னணி இசையெல்லாம் கிடையாது.
செஸ்ட்நட் மரத்து வீடு, நாலாம் மாடி,
சமையலறைக் குழாய் விடிய விடியச் சொட்டும்.
யாராவது அந்த வாஷரை மாற்றித் தொலையுங்கள் என்று
ஹெட்போன் வழியாகவே கத்தலாமா எனத் தோன்றும்."

நாங்கள் முன்பு குடியிருந்த வீடு அது.
வாஷர் மாற்றியது
அப்பா போன பிறகு.

எங்கே போனார் என்று கேட்க
பாலம் முழுக்க நேரம் இருந்தது.
கீழே குரா ஆறு,
அது பாட்டுக்கு.

"மூன்றாம் பாகம் வேறு வருமாம்" என்றேன்.
"வரும்" என்றாள்,
விதைத் தோலை ஆற்றில் துப்பிவிட்டு.
"எனக்கும் ஒரு சீட்டு எடு."