பெரிய புள்ளி

ஸோஸ்ட் நகரின் பச்சைக்கல் தேவாலயங்கள் தாண்டி,
சர்க்கரைக்கிழங்கு வயல் முடிகிற இடத்தில்
எங்கள் பேஸ்பால் மைதானம்.
கணக்கு என் பொறுப்பு.

குளிர்காலக் கூட்டத்தில் ஒரு வரைபடம் காட்டினேன்.
படுக்கையில் சம்பளம், நெடுக்கில் வெற்றி,
எட்டு அணிகளுக்கு எட்டுப் புள்ளி,
நடுவே சாய்ந்து ஏறும் ஒரு கோடு.
காசுக்கேத்த தோசை என்று வாயெடுத்து,
தோசைக்கு ஜெர்மனில் சொல் இல்லாமல்
"கோடு மேலேதான் போகிறது" என்றேன்.
தலைவி ஊல்ரிக்கே கண்ணாடியைக் கழற்றினாள்:
"நம் புள்ளி எது?"
இடது மூலையில், அடியில்,
ஈ உட்கார்ந்து எழுந்த கறை.

ஆகவே வாங்கினோம், ஒரு பெரிய புள்ளியை.
வேட் ஹாலரன், ஒக்லஹோமாக்காரன்.
மாதம் இரண்டாயிரம் யூரோ, ஓர் அறை, ஒரு கிழட்டு ஓப்பல் கார்.
மற்றவர்களுக்குப் பெட்ரோல் காசு.
பார்சல் வண்டி ஓட்டும் ஹென்னிங்குக்கு அதுவும் கிடையாது,
ஆட்டத்துக்குச் சைக்கிளில் வருகிறவன்.

ஏப்ரலில் வேட் எறிந்த பந்து
கண்ணில் படவில்லை, கையுறையில் சத்தம்தான் கேட்டது.
மூன்று ஆட்டம், மூன்றும் எங்களுக்கு.
கம்பிவலைக்குப் பின்னால் நின்று வகுத்துப் பார்த்தேன்:
ஓர் எறிக்கு ஐந்தே முக்கால் யூரோ.
மலிவு என்றே பட்டது.

மே மாதம் முழங்கை வீங்கியது.
ஐஸ் பையைக் கட்டிக்கொண்டு பெஞ்சில் அவன்,
சூரியகாந்தி விதையைக் கடித்துத் துப்பியபடி.
முதல் தேதி மட்டும் காயம் படாமல் வந்தது.
தோற்றோம். தோற்றோம்.
மழையால் ஒன்று தள்ளிப்போனது,
பிறகு வந்து அதையும் தோற்றோம்.

செப்டம்பரில் ஓர் ஆட்டம்.
கழிப்பறை வைத்த பஸ்ஸில் வந்திறங்கிய அணி அது.
கடைசி இன்னிங்ஸ். மூன்றாவது தளத்திலிருந்து ஹென்னிங்
யாரும் ஓடச் சொல்லாமலே ஓடி,
நெஞ்சால் மண்ணை உழுது வந்து சேர்ந்தான்.
வேட் ஒற்றைக் கையால் தொடையில் தட்டினான்.
அந்த ஓட்டத்தை எந்தத் தலைப்பில் பதிவது?

மறுபடியும் குளிர்காலம், மறுபடியும் வரைபடம்.
எங்கள் புள்ளி நகர்ந்திருந்தது,
வலப்பக்கம்,
மேலே இல்லை.
ஊல்ரிக்கே வெகுநேரம் பார்த்துவிட்டு,
"இன்னும் கொஞ்சம் வலப்பக்கம் போனால்?" என்றாள்.
சீட்டாட்டக்காரர்களிடம் கேட்டிருக்கிறேன் இந்தக் குரலை.

கூட்டம் கலைந்தபின்
ஹென்னிங் கசங்கிய ரசீது ஒன்றை நீட்டினான்:
சைக்கிள் டியூப், நான்கு யூரோ தொண்ணூறு.
"வேண்டாமென்றால் விடுங்கள்."

வீரர் சம்பளம் என்ற பத்தியில்
வேட் ஹாலரனுக்கு அடுத்த வரியில்
எழுதிக்கொண்டேன்.
வரைபடத்தில் அது
பென்சில் முனைகூட நகராத தூரம்.