காந்த ஊசி

இரவுப் பணியின் ரப்பர் செருப்பைப் பையில் திணித்துவிட்டு
மரிவிக்கின் காரில் அல் கோர் தாண்டி வந்தேன்.
வெள்ளிக்கிழமை, எட்டரை மணி.
தகீராவின் அலையாத்திக் காட்டு முகப்பில்
ஒரு மடக்கு மேசை, ஆரஞ்சுத் தோல்கள், பெயர்ப் பட்டியல்.
ஜெபராணி என்றேன்.
'ஜெப்' வரை எழுதிவிட்டுப் பேனாவை மூடினார்
நதீம் என்கிற பள்ளிக்கூட வாத்தியார்.
போனை உறையிலிட்டு ஒட்டச் சொன்னார்.
உறை கிழிந்திருந்தால் ஓட்டம் கணக்கில் வராது.

பத்துக் கொடிகள். ஒரு வரைபடம். ஒரு திசைகாட்டி.
அதற்குள் ஓர் ஊசி.

வாரத்தில் ஆறு நாள் நான் போடுவதும் ஊசிதான்.
கையை இறுக்கிக்கொள்கிறவர்கள்,
சுவரைப் பார்க்கிறவர்கள்,
போட்ட பிறகு, போட்டாச்சா என்று கேட்கிறவர்கள்.
இது யாரையும் குத்தாத ஊசி.
உள்ளங்கை நடுங்கினால் தானும் நடுங்கி
பிறகு வடக்கே தலை வைத்துப் படுத்துக்கொள்கிறது.
அப்படிப் படுக்கக் கூடாதென்று
அதற்கு யாரும் சொல்லவில்லை போலும்.

எட்டு வருடமாக இங்கே எனக்கு ஒரே திசைதான் தெரியும்:
வார்டுக் கூரையில் ஒட்டிய பச்சை அம்பு.
தொழ வேண்டும் என்பவரின் கட்டிலை
சக்கரப் பூட்டைத் தளர்த்தி அந்தப் பக்கம் திருப்புவேன்.
மற்ற மூன்று திசைகள்
லிப்ட், கேண்டீன், துணி மாற்றும் அறை.

வலது கால் மண்ணைத் தொட்டால் ஒன்று.
அறுபத்தெட்டில் நூறு மீட்டர்.
எண்ணுவதில் எனக்குக் குறை கிடையாது,
சொட்டுகள், மூச்சுகள், திரும்பி வராத கத்தரிக்கோல்கள்.
ஐந்து கொடிகளும் சொன்ன இடத்தில் நின்றன.
ஒவ்வொன்றிலும் தொங்கும் குத்தியால்
அட்டையின் கட்டத்தைக் கடிக்க வேண்டும்.
விழுவது பொடிப்பொடியான ஊசித் துளைகள்,
நரம்பு கிடைக்காதவரின் புறங்கை மாதிரி.

ஆறுக்குப் போகும் வழியில், ஈர மணலில், காலடித் தடங்கள்.
இத்தனை பேருமா தப்பாகப் போயிருப்பார்கள்?
எண்ணுவதை விட்டேன்.
அவர்கள் வேறு வரைபடக்காரர்கள் என்பது
கணுக்கால் வரை சேறு ஏறிய பிறகு புரிந்தது.
தடங்கள் ஒரு வாய்க்காலில் இறங்கின,
அக்கரையில் ஏறவே இல்லை.

சுற்றிலும் மூச்சுவேர்கள்.
மரங்கள் தங்களுக்குத் தாங்களே பொருத்திக்கொண்ட குழாய்கள்,
கண்காணிக்க ஒரு நர்ஸ்கூட வேண்டாம்.
ஒரு நண்டு என்னைப் பார்த்துவிட்டு
வேறு வேலைக்குப் போனது.
தூரத்தில் பூநாரைகள் ஒற்றைக் காலில்.
பயந்திருக்க வேண்டும்.
போன் உறைக்குள் அதிர்ந்தது.
மார்த்தாண்டத்திலிருந்து தம்பியாக இருக்கும்,
தவணை கட்டியாச்சா என்று.
அதிரட்டும்.

நான் எங்கே இருக்கிறேன் என்று
எட்டு வருடத்தில் முதல்முறையாக
ஒருவருக்கும் தெரியாது.
எனக்கும்தான்.
அரை மணி நேரம் அப்படியே நின்றேன்.
கடிகாரத்தைக் கேட்டால் பதினேழு நிமிடம் என்கிறது,
வைத்துக்கொள்ளட்டும்.

பிறகு ஐந்தாம் கொடிக்கே திரும்பி நடந்து
பூஜ்யத்திலிருந்து எண்ணினேன்.
நூற்று நாற்பத்தொன்றில், ஒரு புதரின் முதுகுக்குப் பின்னால்,
ஆறு. முன்பு அதன் பக்கத்தில்தான்
சிறுகல் எடுக்க ஷூவைக் கழற்றினேன்.

முடிவுக் கோட்டில் மரிவிக்
முட்டை சாண்ட்விச்சின் பாதியை நீட்டினாள்.
கடைசியிலிருந்து மூன்றாவது நான்.
நதீம் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
அட்டையை வெயிலில் பிடித்தார்.
ஆறின் துளைகள் ஏழில் இருந்தன,
ஏழின் துளைகள் ஆறில்.
"அவசரம். வேறு அட்டை தருகிறேன், சரியாகக் குத்திக்கொள்."

வேண்டாம் என்றேன்.
எங்கள் வார்டில் அழித்து எழுதும் வழக்கம் இல்லை.
பேனா கேட்டு வாங்கி
தப்பின் மேல் ஒற்றைக் கோடு கிழித்தேன்,
அடியில் இருப்பது வாசிக்கத் தெரியும்படி.
பக்கத்தில் சரியான எண்.
நேரம் பத்து ஐம்பத்திரண்டு.
அதன் கீழே என் பெயர்,
ராணி வரைக்கும்.