அசலும் வட்டியும்

அக்டோபர். புல் இன்னும் ஈரம்.
பென்ரித்துக்கு வெளியே, ஆட்டுச் சந்தை கூடுகிற மைதானத்தில்
முப்பத்தொன்பது கார்கள், மூக்கை ஒரே திசையில் நீட்டியபடி.
என் கழுத்தில் பட்டை. அதில் 'நடுவர்'.
கையில் அட்டை, பென்சில்,
பென்சிலின் பின்புறம் ரப்பர்.

இருபத்தேழாம் எண்: டிரையம்ஃப் டிஆர் ஃபோர்,
அறுபத்து மூன்றாம் வருடத்துப் பிறவி.
பெயின்ட் சரி.
கதவிடுக்கில் சுண்டுவிரல் நுழையும். அதுவும் சரி,
ஆலையிலேயே அப்படித்தான் பொருத்தினார்கள்.
குனிந்தேன்.
சக்கரம் சரியில்லை.

கம்பி ஆரங்கள் மின்னவேண்டிய இடத்தில்
கொழுத்த எட்டு ஆரங்கள், அலாய், சாம்பல் நிறம்.
பின்னால் போனேன்.
சிவப்புக் கண்ணாடிக்குள் பல்பு இல்லை,
மாதுளை முத்துகளாய் எல்இடி.
முன்விளக்கும் அதே ஜாதி,
பகலிலும் கூச்சமில்லாத வெள்ளை.

உரிமையாளர் இசொபெல் டீஸ்டேல்
உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள், செருப்பு பெடலடியில்.
ஹெக்ஸம் மருத்துவமனையில் இரவு நர்ஸ்.
கண்ணாடியைத் தட்டினேன்.
"சக்கரத்துக்கு நான்கு, விளக்குக்கு ஐந்து கழிகிறது."
"எதிலிருந்து?"
"நூறிலிருந்து."
"அப்போ தொண்ணூற்றொன்று. பள்ளிக்கூடத்தில் நான் வாங்கினதே இல்லை."

ஜனவரியில் ஹார்ட்சைடு வளைவில் ஆரம் ஒன்று அறுந்ததாம்,
ட்யூபைக் கிழித்துவிட்டதாம்,
வண்டி கல்சுவரோரம் சறுக்கிப் போய்
ஒரு செம்மறியோடு முகத்துக்கு முகம் நின்றதாம்.
பழைய சக்கரம் ஐந்தும் படுக்கையறையில்.
அவற்றின்மேல் துணி உலர்த்துகிறாளாம்.
விளக்கைப் பற்றி அவள் சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை.

என் வண்டியைப் பற்றிச் சொல்லவேண்டும்.
ஐம்பத்தொன்பதாம் வருடத்து எம்ஜிஏ.
திருகாணியின் தலைகூட அந்தக் காலத்துத் தலை.
டைனமோ அசல்.
வயரைச் சுற்றிய பருத்தி நூல் அசல்.
முகப்பு விளக்கு அசல்:
அது சாலையைக் காட்டாது,
சாலை இருக்கக்கூடும் என்று மட்டும் சொல்லும்.
கோப்பை பதினொன்று வாங்கியிருக்கிறேன்.
ஒன்றில் ஸ்பார்க் பிளக் போட்டுவைத்திருக்கிறேன்.

பரிசளிப்பு முடிய ஏழு மணி.
மெல்மர்பி தாண்டுமுன்னே மலையைக் காணவில்லை.
மேகம் சாலையில் வந்து உட்கார்ந்திருந்தது.
ஏற ஏற என் விளக்கு
மஞ்சளிலிருந்து பழுப்பு,
பழுப்பிலிருந்து வெறும் நம்பிக்கை.
தலையை வெளியே நீட்டி
வெள்ளைக் கோட்டை முகர்ந்துகொண்டு போனேன்.
உச்சியில் அதுவும் தீர்ந்தது. ஓரங்கட்டினேன்.

கடந்துபோனது ஒரு கார்.
பத்து கஜம் தள்ளி நின்றது.
மாதுளை.
இரண்டு பிடி மாதுளை, பனிக்குள், பிசகாமல்.

அவளுக்கு என் வண்டி அடையாளம் தெரிந்ததா,
யாருக்கானாலும் நின்றிருப்பாளா, அறியேன்.
ஆறு மைல்.
ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் பிரேக் விளக்கு சொன்னது:
இங்கே.
இடது. இங்கே. வலது. ஆடு. இங்கே.
நான் கழித்த ஐந்து மதிப்பெண்ணுக்குப் பின்னால்
கழுத்துப் பட்டையைக்கூடக் கழற்றாமல்
இறங்கிக்கொண்டிருந்தேன்.

அசலைக் கட்டிக் காத்தவன் நான்.
அன்றிரவு வழி நெடுகக் கட்டியது வட்டி.

ஆல்ஸ்டனில், கல் பாவிய சரிவில் நான் திரும்ப,
அவள் நேரே போனாள், வேலைக்கு.
ஒரு தரம் ஹாரன் அடித்தாள்.
ஹாரன் அசல்.
இரண்டு குரல், ஒன்று சற்றே கம்மியது. காது பொய் சொல்லாது.

காலையில் அட்டையை எடுத்துப் பார்த்தேன்.
தொண்ணூற்றொன்று.
ரப்பர் இருந்தது. அழிக்கவில்லை.
விதி விதிதான், அதில் பாதி நானே எழுதியது.
குறிப்புக்கென்று விட்ட கட்டத்தில் மட்டும்
'ஹாரன் நன்று' என்று எழுதினேன்.

பிறகு கராஜுக்குப் போய்
முகப்பு விளக்கு வளையத்தின் திருகைத் தளர்த்தினேன்.
முழுக்க இல்லை.
அரைச் சுற்று.