பதினேழாம் இலக்கம்

குவெல்ஃப், பெப்ரவரி.
ஆய்வுகூடத்தின் நிலக்கீழ் அறையில்
வெப்பமூட்டி மட்டும் முனகுகிறது.
லாண்ட்ரியில் ஒட்டியிருந்த நோட்டீஸைப் பார்த்து வந்தவள்
குளிரங்கியை மடித்து வைத்துவிட்டுக் கேட்கிறாள்:
"கரண்ட் அடிக்குமோ தம்பி?"

இல்லை, சாந்தரூபி அக்கா.
இது ஒன்றையும் உள்ளே அனுப்பாது.
காது கொடுக்கும், அவ்வளவுதான்.

இடது தோளில் உப்புத்தாளால் மெல்ல உரசி
ஸ்பிரிட்டால் துடைத்தேன்.
பத்துச் சதக் காசளவில் இரண்டு வட்டங்கள்.
நாரின் போக்கிலேயே ஒட்டவேண்டும்,
குறுக்கே ஒட்டினால் தசை வேறு கதை சொல்லும்.
பிடரி எலும்பில் மூன்றாவது:
அங்கே தசை இல்லை.
ஒப்பிட்டுப் பார்க்க ஒரு மௌனம் வேண்டுமே.

பக்கவாட்டில் நீட்டிய கை, ஒரு கிலோ எடை,
ஐந்து நிமிடம்.
திரையில் ஒரு பச்சைக் கோடு.
கை அதைவிட்டு இறங்கக்கூடாது.

இறங்கவில்லை.
பதினொரு வருடம் கோழித் தொழிற்சாலையில்
பெல்ட் ஓட ஓட
எலும்பு வேறு இறைச்சி வேறாக்கிய
இடது கைக்காரி.

நிமிடத்துக்கொரு முறை நான் கேட்கவேண்டும்,
சைபரிலிருந்து பத்துக்குள் எவ்வளவு களைப்பு?
"பரவாயில்லை."
அது நம்பர் இல்லையே அக்கா.
"அப்ப ஒண்டு."

"ஒண்டு."

"சரி, ரெண்டு போடுங்கோ."

போட்டேன்.
மற்றத் திரையில் அந்நேரம்
எண்பத்துநாலு ஹெர்ட்ஸ் எழுபத்தொன்றாகி
அறுபத்துமூன்றாகி இறங்கிக்கொண்டிருந்தது.
அலைகளோ உயர்ந்துகொண்டே போயின.
களைத்த தசை அப்படித்தான்:
குரல் தடிக்கும், சத்தம் கூடும்,
அயலில் சும்மா கிடந்த நார்களையெல்லாம்
உதவிக்குக் கூப்பிடும்.
வெளியே கை
பச்சைக் கோட்டில் அப்படியே நிற்கும்.

இடையிடையே ஒரு முள், ஒரே தாளத்தில்.
"அதென்ன குத்திக் குத்தி நிக்குது?"
உங்கட இதயம் அக்கா. இடது தோளில் அதுவும் விழும்.
கணக்குப் பார்க்க முதல்
வடிகட்டி எடுத்துவிடுவோம்.
"அதையுமோ!" என்று சிரித்தாள்.
எடை ஆடவில்லை.

முடிந்தபின் சரிந்த கோட்டைக் காட்டினேன்.
இதுதான் உங்கட களைப்பு.
நெடுநேரம் பார்த்தாள்,
யாரோ அனுப்பிய கலியாணப் படத்தில்
தன்னைத் தேடுகிறவள் போல.
"இண்டைக்குத் திங்கள்," என்றாள்.
"நீங்கள் வெள்ளிக்கிழமை எல்லோ அளந்திருக்கவேணும்."

சூப்பர்வைசருக்குக் காட்ட ஒரு பிரதி கேட்டாள்.
கொடுக்க விதியில்லை.
கொடுத்தாலும் அதில் அவள் பெயர் இல்லை,
பதினேழு என்ற இலக்கம் மட்டும்.
இருபத்தைந்து டொலருக்குக் கையெழுத்து வாங்கினேன்.

ஒட்டுகளை உரித்த இடத்தில்
இரண்டு சிவந்த வட்டம்.
மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.
"பரவாயில்லை," என்றாள்,
இடது கையை
வலது கையால் தூக்கி
குளிரங்கிக்குள் நுழைத்தபடி.