பச்சைக் கோடு

பேணி நாலாயிரத்தைந்நூறு.
நீலக் குழாயைக் கிளிநொச்சிக் கடைக்காரன்
இரவலாய்த் தந்தான்.
கராஜுக்குப் போனால் பன்னிரண்டாயிரம் கேட்பான்.

ஒட்டுசுட்டான் வளவில், பாலை நிழலில் வானை விட்டு
எஞ்சினை ஓடவிட்டு, ஏசியைக் கடைசிவரை திருகி,
சின்ன மூடியா பெரிய மூடியா என்று
இரண்டு தரம் பார்த்தேன்.
மாறிப் பூட்டினால் பேணி வெடிக்குமாம்.

முதலில் சவர்க்கார நுரை.
ஒரே ஒரு மூட்டில் குமிழ் வந்தது,
நித்திரைப் பிள்ளையின் கடைவாயில் வருமே, அப்படி.
இறுக்கினேன். நின்றது.

பிறகு காஸ் இறங்கியது.
முள் ஆடி ஆடிப் பச்சைக்கு ஏற
பேணி கையை விறைக்க வைத்தது.
துஷாந்தி அதைப் பறித்துக் கன்னத்தில் ஒற்றிக்கொண்டு
"இதையே சீற்றில வைச்சாக் காணாதோ" என்றாள்.

சனிக்கிழமை, பகல் பதினொன்று.
வவுனியாவுக்கு, இரத்தம் மாற்ற, மரியநாயகி அக்கா.
மூன்று வருசமாய்த் திறந்த கண்ணாடி இரைச்சலில்
பின்னால் அவ முணுமுணுத்ததெல்லாம்
என் ஹயர்க் காசைத் திட்டுறா என்றே இருந்தேன்.

மூடினேன். இரைச்சல் அறுந்தது.

அவ கட்டை எண்ணிக்கொண்டு வாறா.
மாங்குளம் தாண்டி ஒன்று, இரண்டு...
ஒவ்வொன்றுக்கும் இடையில் ஒரு மூச்சு.

கனகராயன்குளத்துக்குக் கிட்ட நிறுத்தி,
"தம்பி, குளிருது. கொஞ்சம் இறக்கு."

நாலு விரல் இறக்கினேன்.
நாலாயிரத்தைந்நூறும்
ரோட்டில் படுத்த மாடுகளுக்குப் போயிற்று.
இரைச்சல் திரும்பி வந்தது.
உள் கண்ணாடியில் உதடு அசைந்தது.

ஒன்பது, என்றேன், எனக்குள்.